பொம்மைக்குக் காதொலிக் கருவி, வெள்ளைக் கோல், சக்கர நாற்காலி: வீட்டிலேயே செய்யும் முறை

1997இல் மேட்டல் நிறுவனம் பார்பியின் தோழியாகப் பெக்கி என்ற பொம்மையைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாற்காலியில் குறை இல்லை. ஆனால் அதே நிறுவனம் விற்ற பார்பி வீட்டின் லிஃப்டுக்குள் அது நுழையவில்லை. இதைச் சுட்டிக்காட்டியவர், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பள்ளி மாணவி. 2019இல் மறுபடியும் சக்கர நாற்காலிப் பொம்மை வந்தபோது கூடவே ஒரு சாய்தளமும் வந்தது. 2022இல் காதுக்குப் பின்னால் கருவி மாட்டிய பார்பியும், 2024இல் பார்வையற்றோருக்கான வெள்ளைக் கோல் பிடித்த பார்பியும், 2025இல் முதல் வகை நீரிழிவு உள்ள பார்பியும் வந்தன.

இவற்றைத் தேடி வாங்கலாம். ஆனால் கடைப் பொம்மையின் கருவி உங்கள் வீட்டுக் குழந்தை மாட்டியிருக்கும் கருவியைப் போல இருப்பது அரிது. குழந்தையின் கருவி நீலமாக இருக்கும், பொம்மையினுடையது இளஞ்சிவப்பாக இருக்கும். குழந்தைக்கு ஒரு காதில் மட்டும் கருவி, பொம்மைக்கு இரண்டு காதிலும். கையால் செய்வதன் பயன் இங்கேதான். விலை குறைவு என்பதற்காக இதில் இறங்காதீர்கள். பசை, பெயின்ட், வீணாகும் பொருள் எல்லாவற்றையும் கூட்டினால் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது.

கேட்பதும் அளப்பதும்

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் குழந்தையிடம் கேளுங்கள். சில குழந்தைகள் தங்கள் பொம்மைக்கும் கருவி வேண்டும் என்பார்கள். சிலர் தங்களுக்கு இருப்பதே போதும், பொம்மைக்கு வேண்டாம் என்பார்கள். அந்த இரண்டாவது பதிலை மாற்ற முயலாதீர்கள். வேண்டும் என்றால், எந்த நிறம், எந்தப் பக்கம், கழற்ற வருமா வராதா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். பிறகு உண்மையான கருவியை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படமெடுத்து அளவெடுங்கள். குழந்தை உங்களுடையது இல்லையென்றால், அனுமதி கேட்காமல் கருவியைத் தொடக் கூடாது. சக்கர நாற்காலிக்கும் இது பொருந்தும். உட்கார்ந்திருப்பவருக்கு அது தன் உடம்பின் பகுதி.

பார்பி உயரப் பொம்மைகள் ஏறத்தாழ 29 செ.மீ. இருக்கும். உண்மை அளவில் ஆறில் ஒரு பங்கு என்பது இவற்றுக்கான கணக்கு: எதை அளந்தாலும் 6ஆல் வகுத்தால் போதும். வேறு பொம்மை என்றால் குழந்தையின் உயரத்தைப் பொம்மையின் உயரத்தால் வகுத்து வரும் எண்ணைப் பயன்படுத்துங்கள். 120 செ.மீ. உயரக் குழந்தைக்கு 40 செ.மீ. பொம்மை என்றால் 3. கீழே நான் சொல்லும் அளவுகள் 29 செ.மீ. பொம்மைக்கானவை.

இந்தக் கணக்கில் ஒரு விதிவிலக்கு உண்டு. மிகச் சிறிய பொருள்களைக் கணக்குப்படி செய்தால் கையில் நிற்காது, கண்ணுக்கும் தெரியாது. காதொலிக் கருவியைக் கால் பங்கு பெரிதாகவே செய்யுங்கள். சக்கர நாற்காலியில் மட்டும் இந்தச் சலுகை வேண்டாம். அது கதவுக்குள் போக வேண்டும்.

வாங்கி வைக்க வேண்டியவை

ஸ்டேஷனரி கடையில் 5 மி.மீ. சன்போர்டு (நுரைப் பலகை), 1 மி.மீ. ஃபோம் ஷீட், அக்ரிலிக் பெயின்ட், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று. தையல் பொருள்கள் விற்கும் கடையில் 4 அங்குல எம்ப்ராய்டரி வளையம் இரண்டு, மெல்லிய எலாஸ்டிக், வெல்க்ரோ, பொத்தான், பாசிமணி. ஹார்டுவேர் கடையில் எம்-சீல். சைக்கிள் கடையில் பழைய போக்ஸ் கம்பி இரண்டு. பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். மீன்பிடி சாமான் கடையில் 0.8 மி.மீ. தூண்டில் நரம்பு. ஃபேன்சி ஸ்டோரில் சின்ன ஸ்டிக்கர் பொட்டு ஓர் அட்டை. பாலிமர் களிமண் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

பொம்மை வாங்கும்போதே முழங்கால் மடங்குகிறதா என்று பாருங்கள். மலிவான பொம்மைகள் பலவற்றுக்கு மடங்காது. நாற்காலியில் உட்காரவைத்தால் இரண்டு கால்களும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

காதொலிக் கருவி

முதல் வேலையாக இதையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறியது, ஒரு மாலையில் முடியும், கை பழகும்.

பொம்மையின் கூந்தலைத் தூக்கிக் கட்டுங்கள். காது அச்சில் வார்க்கப்பட்டிருக்கும், ஆனால் முடி மறைத்திருக்கும். காதின் மேல் மெல்லிய பாலிதீன் தாளைச் சுற்றி ஒட்டுங்கள். எம்-சீலின் இரு பாகங்களையும் சம அளவில் எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு, நிறம் ஒன்றாகும் வரை பிசையுங்கள். அரிசி மணியைவிடச் சற்றே பெரிய உருண்டையை எடுத்து 8 அல்லது 9 மி.மீ. நீளத்தில் காற்புள்ளி வடிவத்துக்கு உருட்டி, காதின் பின்புறம் அந்தத் தாளின் மேலேயே அழுத்தி வளையுங்கள். காதின் வளைவை அது அப்படியே வாங்கிக்கொள்ளும். இறுகுவதற்கு முன் மேல் நுனியில் 1.5 செ.மீ. தூண்டில் நரம்பைச் செருகுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வரை தொடாதீர்கள்.

இறுகியதும் தாளோடு கழற்றி, நரம்பைக் காதின் மேலாக முன்னுக்கு வளைத்து, மறு நுனியில் 2 மி.மீ. உருண்டை ஒன்றை ஒட்டுங்கள். காதுத் துளையில் பொருந்தும் அச்சு அதுதான். விளிம்பை நைஸான உப்புத்தாளால் தேய்த்துப் பெயின்ட் அடியுங்கள். உண்மையான கருவிகளில் வலது காதுக்கு உரியதில் சிவப்பும் இடது காதுக்கு உரியதில் நீலமுமாக ஓர் அடையாளம் இருக்கும். ஊசி முனையால் அந்தப் புள்ளியையும் வைத்துவிடுங்கள். பெரியவர்கள் பலர் கவனிக்க மாட்டார்கள். கருவி அணியும் குழந்தை முதலில் தேடுவது அதைத்தான்.

பாலிமர் களிமண்ணில் செய்தால் வடிவம் இன்னும் நயமாக வரும், பிசிறும் குறையும். பாக்கெட்டில் சொல்லியுள்ள சூட்டில் அவனில் சுட வேண்டும். பொம்மையைக் கூட வைத்துவிடாதீர்கள். தூண்டில் நரம்பும் சூட்டில் வடிவம் கெடலாம் என்பதால், நரம்புக்கான துளையைக் குத்திவிட்டு, சுட்ட பிறகு செருகி ஒட்ட வேண்டும். சுடாத களிமண்ணைப் பொம்மையின் உடலோடு ஒட்டவைத்து மறந்துவிட்டாலும் சிக்கல்தான். அதிலுள்ள மென்மையாக்கும் பொருள் பிளாஸ்டிக்கை இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடும்.

அறுவை சிகிச்சையால் உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி இதிலிருந்து வேறுபட்டது. பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிச் செய்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை செய்யப்படுவதால், இதை அணிந்த பிள்ளைகளை இங்கே பல ஊர்ப் பள்ளிகளிலும் பார்க்கலாம். பொதுவாக இதில் காதுத் துளைக்குள் போகும் அச்சு இருக்காது. காதுக்குப் பின்னால் உள்ள பகுதியிலிருந்து ஒரு மெல்லிய வயர் கிளம்பி, தலையில் காதுக்குப் பின்புறம் சற்று மேலே ஒட்டியிருக்கும் வட்டத்துக்குப் போகும். உண்மையில் அந்த வட்டத்தைத் தோலுக்கு அடியில் வைத்த காந்தம் பிடித்திருக்கிறது. நமக்கு 5 மி.மீ. ஸ்டிக்கர் பொட்டு போதும்: கறுப்பு அல்லது அரக்கு நிறப் பொட்டின் அடியில் கறுப்புத் தையல் நூலின் நுனியைப் பசையால் ஒட்டி, மறுநுனியைக் கருவியோடு சேருங்கள். பொட்டின் பசை முடியின் மேல் நிற்காது என்பதால் இரண்டு முடிக்கற்றைகளுக்கு நடுவே வகிடு எடுத்து, தலையின் மேல் நேராக ஒட்டுங்கள்.

அச்சு அசலாக இருக்கட்டும் என்று உண்மையான காந்தத்தை வைக்கும் ஆசை வரும். வேண்டவே வேண்டாம். அதுபோலவே, தீர்ந்துபோன காதொலிக் கருவி பேட்டரியைப் பொம்மைக்கு மாட்டிவிடுகிறவர்களும் உண்டு. பொத்தான் பேட்டரியும் காந்தமும் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

வெள்ளைக் கோல்

தென்னை ஈர்க்கு இதற்காகவே படைக்கப்பட்டதுபோல இருக்கிறது. அடிப்பகுதியில் ஏறத்தாழ 2 மி.மீ. கனமுள்ள, வளையாத ஈர்க்காகப் பார்த்து எடுங்கள். பொம்மையின் நெஞ்செலும்பு உயரத்துக்கு வெட்டினால் 20 செ.மீ. அளவில் வரும். நன்றாகக் காய்ந்த ஈர்க்கில்தான் பெயின்ட் பிடிக்கும். வெள்ளை இரண்டு கை, அது காய்ந்ததும் கீழ்ப்பகுதியில் 3 செ.மீ. அளவுக்குச் சிவப்பு. வரிக்குதிரை போல வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி அடிக்காதீர்கள். சில நாடுகளில் அது பார்வையும் செவித்திறனும் சேர்ந்து இல்லாதவரின் கோல்.

நுனிக்கு ஒரு வெள்ளை மணி. கைப்பிடிக்கு 2 செ.மீ. நீளத்தில் கறுப்பு ஃபோம் ஷீட்டைச் சுற்றி ஒட்டுங்கள். அதன் உச்சியில் எலாஸ்டிக் வளையம் ஒன்று. பொம்மையின் மணிக்கட்டில் மாட்ட அது வேண்டும். பொம்மையின் விரல்கள் பெரும்பாலும் எதையும் பிடிக்காது. முடி பின்ன உதவும் குட்டி ரப்பர் பேண்டால் உள்ளங்கையோடு கோலைச் சேர்த்துக் கட்டினால் ஆடாமல் நிற்கும். நான்காக மடங்கும் கோல் வேண்டுமென்று குழந்தை கேட்டால், ஈர்க்குக்குப் பதிலாக ஜூஸ் டப்பாவோடு வரும் சிறிய ஸ்ட்ராவை நான்காக வெட்டி உள்ளே எலாஸ்டிக்கை இழுத்துக் கட்டுங்கள். கொஞ்சம் தடிமனாக இருக்கும், ஆனால் மடித்துப் பைக்குள் வைக்கலாம்.

கறுப்புக் கண்ணாடி கட்டாயம் என்று நினைக்காதீர்கள். கோல் பிடிப்பவர்களில் பலருக்குக் கொஞ்சம் பார்வை இருக்கும், எல்லோரும் கண்ணாடி அணிவதில்லை. உடையில் கவனம் செலுத்துவது அதைவிட நல்லது. தொட்டால் வேறுபாடு தெரியும் துணிகளாக, சட்டைக்கு வெல்வெட், பாவாடைக்குச் சணல் என்று தைத்தால், பார்வையில்லாத குழந்தை தன் பொம்மையைத் தானே அலங்கரிக்க முடியும்.

சக்கர நாற்காலி

இதற்கு இரண்டு நாள்கள் ஒதுக்குங்கள். பெரியவர்களுக்கான சக்கர நாற்காலியின் பின்சக்கரம் பெரும்பாலும் 24 அங்குலம். 6ஆல் வகுத்தால் 4 அங்குலம், அதாவது எம்ப்ராய்டரி வளையம். அதன் உள்வளையம் மட்டுமே தேவை, திருகு உள்ள வெளிவளையம் வேண்டாம். பல செய்முறைகளில் வளையலைச் சொல்கிறார்கள். வளையல் சிறியது, அதைப் போட்டால் பொம்மை தள்ளுவண்டியில் உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும்.

முதலில் மூன்று அளவுகள். பொம்மையின் இடுப்பு அகலத்தோடு 1 செ.மீ. சேர்த்தால் இருக்கையின் அகலம். இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள நீளத்தில் 1 செ.மீ. கழித்தால் இருக்கையின் ஆழம். முழங்கால் மடிப்பிலிருந்து பாதம் வரை உள்ள நீளத்தோடு 1 செ.மீ. சேர்த்தால் தரையிலிருந்து இருக்கையின் உயரம்.

சன்போர்டில் இருக்கை ஒன்று, முதுகுப் பலகை ஒன்று, பக்கப் பலகை இரண்டு வெட்டுங்கள். முதுகுப் பலகை தோள்பட்டைக்குக் கீழே நிற்கட்டும். உயர்ந்தால் பொம்மையின் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது. பக்கப் பலகைதான் சட்டகம். மேலே கைப்பிடி உயரம் வரையிலும், கீழே முன்புறக் கால் தரைக்கு 1 செ.மீ. மேலே நிற்கும் அளவுக்கும் வர வேண்டும். நான்கையும் ஒட்டி ஒரு மணி நேரம் ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். சில வகைச் சன்போர்டில் ஃபெவிக்விக் போட்டால் உள்ளே உள்ள நுரை கரையலாம். ஃபெவிகால் மெதுவாகத்தான் காயும், ஆனால் பாதுகாப்பு.

அடுத்தது அச்சு. சக்கரத்தின் ஆரம் 5 செ.மீ. ஆகவே அச்சுத்துளை தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இருக்கையின் உயரத்தில் 5 கழித்துவிட்டு, அந்த அளவு கீழே இறங்கிக் குறியுங்கள். முதுகுப் பலகைக்கு நேர் கீழே வைத்தால் நாற்காலி நிதானமாக நிற்கும். துளையை அதைவிட முன்னால் வைத்தால் நாற்காலி பின்பக்கமாக மல்லாந்து விழும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கம்பியில் இரண்டு சக்கரங்களையும் இறுக்கி ஒட்டிவிட்டால் நாற்காலி நேராக ஓடும், திரும்பாது. சக்கர நாற்காலி திரும்புவதே இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு விதமாகச் சுழல்வதால்தான். ஆகவே கம்பியைச் சட்டகத்தோடு ஒட்டுங்கள். சக்கரங்கள் அதன்மேல் தனித்தனியாகச் சுழலட்டும். பிளாஸ்டிக் ஃபைலில் வளையத்தின் அளவுக்கு வட்டம் வெட்டி, வெள்ளி மார்க்கரால் கம்பிகளை வரைந்து வளையத்தில் ஒட்டுங்கள். நடுவில் துளையிட்டு 1 செ.மீ. ஸ்ட்ராத் துண்டைச் செருகி எம்-சீலால் சுற்றிப் பிடிக்கவையுங்கள். ஸ்ட்ராவுக்குள் கம்பி வழுக்கிச் சுழலும். இரு பக்கமும் ஒரு மணி, பிறகு கம்பியின் நுனியில் எம்-சீல் உருண்டை. வெட்டிய கம்பியின் கூர் முனை வெளியே தெரியக் கூடாது.

முன்சக்கரத்துக்குத் தண்ணீர் பாட்டில் மூடி. ஏறத்தாழ 3 செ.மீ. விட்டம், அதன் அச்சுத்துளை தரையிலிருந்து 1.5 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். உண்மையான நாற்காலியில் முன்சக்கரம் தானே திரும்பும். தொடக்கத்தில் அதற்கு மெனக்கெட வேண்டாம். வழுவழுப்பான மூடி டைல்ஸ் தரையில் பக்கவாட்டில் வழுக்கி ஒத்துழைக்கும். கை தேறிய பின், தையல் கடையில் கிடைக்கும் அழுத்திப் பூட்டும் பொத்தானைச் சுழல் மூட்டாக வைத்துப் பாருங்கள்.

கால் வைக்கும் தட்டு, 1 செ.மீ. அகல ரிப்பனில் வெல்க்ரோ வைத்த இடுப்புப் பட்டை, 1 செ.மீ. கன மெத்தை ஆகியவை கடைசியில். மெத்தை போட்டால் இருக்கை உயரும் என்பதால், அதை முதலிலேயே அளவில் கழித்துக்கொள்ளுங்கள். பின்னால் தள்ளும் கைப்பிடி வேண்டுமா என்பது குழந்தையின் முடிவு. தானே ஓட்டிச் செல்பவர்களில் பலர் அதை விரும்புவதில்லை. யார் வேண்டுமானாலும் வந்து கேட்காமல் பிடித்துத் தள்ளிவிடுகிறார்கள் என்பது அவர்களின் நியாயமான புகார். நீளக் கூந்தல் உள்ள பொம்மைக்குப் பின்னல் போட்டுவிடுங்கள், சக்கரத்தில் சிக்கும்.

இப்போது பெக்கியின் லிஃப்ட். பொம்மை வீடு இருந்தால் அதன் கதவை அளந்து பாருங்கள். 90 செ.மீ. கதவு என்பது நம் கணக்கில் 15 செ.மீ. நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ. வட்டம் வேண்டும் என்பது கட்டட விதிகளில் வழக்கமான அளவு. பொம்மைக்கு 25 செ.மீ. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: 2 செ.மீ. உயர வாசற்படிக்கு 24 செ.மீ. நீளப் பலகை. நீளமாகத் தோன்றும், அவ்வளவு வேண்டும்தான். பல கட்டடங்களில் சாய்தளம் என்ற பெயரில் இருக்கும் சறுக்குமரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அப்போது கண்ணுக்குப் புலப்படும். நவராத்திரிக் கொலுவில் பிள்ளைகள் பூங்கா அமைக்கும் வீடுகளில், அந்தப் பூங்காவின் வாசலில் இதே பலகையைப் போட்டுவிடலாம்.

காலுக்கு உரியவை

கணுக்கால் தாங்கி, பிசியோதெரபிஸ்ட்கள் ஏஎஃப்ஓ என்று சொல்வது, செய்ய எளிது. ஆனால் பாதம் தட்டையாக உள்ள பொம்மை வேண்டும். குதிகால் தூக்கிய பழைய பார்பி பாதத்தில் இது பொருந்தாது. வெள்ளை ஃபோம் ஷீட்டைக் கெண்டைக்கால் முதல் விரல் வரை பின்புறமாக மூடும் அளவுக்கு வெட்டி, ஹேர் டிரையரில் சூடாக்கி, காலின் மேல் அழுத்திப் பிடித்து ஆறவிடுங்கள். ஆறியதும் வடிவம் நின்றுவிடும். முன்னால் வெல்க்ரோ பட்டை இரண்டு. மேலே மாட்டும் ஷூ ஓர் அளவு பெரிதாக வேண்டும், உண்மையிலும் அப்படித்தான்.

செயற்கைக் காலுக்காகப் பொம்மையின் காலை உடனே அறுத்துவிடாதீர்கள். சில பொம்மைகளின் காலுக்குள் மூட்டுச் சட்டகம் இருக்கும். அறுத்தால் முழங்காலே செயலிழக்கும். முழங்காலுக்குக் கீழே 2 செ.மீ. உயரத்துக்கு எம்-சீலை மெல்லிய பூச்சாகச் சுற்றிக் கிண்ணப் பகுதியை உருவாக்கி, அதற்குக் கீழே வெள்ளி நிறம் அடித்தால் போதும். எல்லோரும் வளைந்த ஓட்டத் தகட்டையே செய்ய விரும்புகிறார்கள். அது விளையாட்டு வீரர்களின் கால். அன்றாடக் காலுக்கு நம் நாட்டு மாதிரி ஜெய்ப்பூர் கால். கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் 1968இல் உருவாக்கிய அந்த ரப்பர் பாதம் தோல் நிறத்தில் இருக்கும். வெறுங்காலோடு நடக்கவும் தரையில் குந்தவும் ஏற்றது. பாவாடை கட்டிய பொம்மைக்கு அதுதான் பொருந்தும்.

தோலில் ஒட்டியிருந்து சர்க்கரை அளவைக் காட்டும் நீரிழிவு சென்சார் ஐந்து நிமிட வேலை. காகிதம் துளைக்கும் பஞ்ச், 6 மி.மீ. வட்டம் கொடுக்கும். வெள்ளை ஃபோம் ஷீட்டில் ஒன்று துளைத்து, மேல்கையின் பின்புறம் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள்.

கொடுப்பதற்கு முன்

3 வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில், 3.2 செ.மீ. அகலத்துக்கு உட்பட்ட எந்தப் பாகமும் கழன்று வரக் கூடாது. அங்கே துணிப் பொம்மை செய்து, கருவியையும் ஃபெல்ட் துணியில் வெட்டிச் சேர்த்துத் தைத்துவிடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் பலமாக இழுத்துப் பாருங்கள். உங்கள் கையில் வராதது குழந்தையின் பல்லில் வரும். அடர் சிவப்பு, கறுப்புத் துணிகள் மாதக்கணக்கில் உடலில் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக்கில் சாயம் ஏறிவிடும். முன்பே துவைத்துக் காயவைத்துத் தையுங்கள். நெயில் பாலிஷ் வேண்டாம், காலப்போக்கில் பிசுபிசுக்கும்.

கழற்றி மாட்டும் பாகங்களுக்கு ஒரு மூடி டப்பா கொடுங்கள், பெயர் எழுதி. காதொலிக் கருவியை மட்டும் தொடக்கத்திலேயே கூடுதலாக இரண்டு மூன்று ஜோடி செய்து எடுத்துவையுங்கள். சோபா இடுக்கில் முதலில் மறைவது அதுதான்.